வண்டிக்குச் சொல்லியாச்சு

மனிதர்களில் 'அரேஞ்ச் பண்ணிடலாம்' என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார், அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், சொந்தக்காரர்களில் ஒருவருக்கு மேலேயே இருப்பார்கள். அடையாளம் சொல்கிறேன். கையில் செல்போன் இருக்கும், ஆனால் பேசிக்கொண்டிருக்கமாட்டார். பேசி முடித்துவிட்ட முகத்தோடு இருப்பார். நீங்கள் உங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துப் பாதி வாக்கியம் தாண்டுவதற்குள் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். மீதிப் பாதி அவருக்குத் தேவையில்லை.

"விடுங்க. அரேஞ்ச் பண்ணிடலாம்."

யார் பண்ணுவது? எப்போது? அதெல்லாம் கேட்பது மரியாதை இல்லை.

அந்த இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். வரிசையாக அடுக்குவது, முன்கூட்டி ஏற்பாடு செய்வது, இரண்டு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வருவது என்று அடக்கமாகச் சில பொருள்களோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர் வாயில் விழுந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வாழ்வே வந்தது. கூட்டத்துக்கு நாற்காலி போடுவது அரேஞ்ச், அந்த நாற்காலியில் உட்கார ஆள் பிடிப்பது அரேஞ்ச், ஆஸ்பத்திரியில் படுக்கை, பையனுக்குப் பெண், பெண்ணுக்கு வேலை, வேலைக்குப் போக ஸ்கூட்டர், முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பியை ஒரே சோபாவில் உட்காரவைப்பது, இவை அத்தனையும் அரேஞ்ச்தான். செய்யாமல் விட்டதும் அதே கணக்கில் வரும். "இன்னும் அரேஞ்ச் ஆகல" என்பார், ஏதோ அது தானாகப் பழுக்க வேண்டிய பழம் போல.

எங்கள் குடியிருப்பில் இருப்பவரை எல்லோரும் அரேஞ்ச் அண்ணன் என்றே கூப்பிடுகிறோம். அவர் வீட்டு அழைப்பு மணி வேலை செய்யாது. கதவைத் தட்டினால் அண்ணி வந்து திறப்பார். "மணியைச் சரிபண்ண ஆள் அரேஞ்ச் பண்ணியிருக்காராம். எங்க கல்யாணத்துக்கு வந்தவங்களும் கதவைத் தட்டிட்டுத்தான் வந்தாங்க" என்பார்.

இப்போது கீழ்வீட்டு டெய்லர் கதைக்கு வருகிறேன். மாடி வராந்தாவில் நின்று பார்த்தவன் நான். பார்க்காத பகுதியைப் பிறகு ஒவ்வொருவரிடமும் விசாரித்து வரிசைப்படுத்திக்கொண்டேன்.

டெய்லர் வீடு மாற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்; புதுக் குடித்தனக்காரர்கள் தங்கள் சாமானோடு அப்போது வந்து இறங்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமையே டெய்லர் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

"ஒரு சின்ன லாரி கிடைச்சா..."

"கவலைய விடு தம்பி. வண்டிக்குச் சொல்லியாச்சுன்னு நெனச்சுக்கோ."

டெய்லர் அப்படியே நினைத்துக்கொண்டார். அதுதான் தவறு.

ஞாயிறு காலை மூட்டைகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. பீரோ, கட்டில், மூன்று தையல் மெஷின்கள், துணி வெட்டும் நீள மேசை. வண்டியைக் காணோம். அண்ணனுக்குப் போன் போட்டால், "வந்துட்டே இருக்கு" என்றார். எது வந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவர் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருந்தார். எலெக்ட்ரீஷியன் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் சொன்னார். கேன்காரர் இஸ்திரிக்கடைக்காரரிடம் சொன்னார். ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் வேலை முடிந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். வண்டி கேட்டவர் பெயர் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. இஸ்திரிக்கடைக்காரர் ஞாயிறு காலை யோசித்தார். ஊரில் எல்லோரையும் தெரிந்தவர் யார்? எல்லோருக்கும் அளவெடுப்பவர்தானே?

டெய்லர் போன் அடித்தது. கையில் மூட்டை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"டெய்லரண்ணே, யாரோ வீடு மாத்தறாங்களாம். அவசரமா ஒரு வண்டி வேணுமாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"அட பாவமே. சாமான் நெறையவா?"

"பீரோ, கட்டில். தையல் மெஷின் வேற மூணு இருக்காம்."

"நம்ம தொழில்காரரா? சரிப்பா, சொல்லிவைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டு டெய்லர் மனைவியைப் பார்த்தார். "பாரு, நம்மள மாதிரியே ஒருத்தர் மாட்டிக்கிட்டு முழிக்கறாராம். யாரா இருக்கும்?"

"நீங்கதான்" என்றார் அந்த அம்மா.

அதோடு பேச்சை நிறுத்திச் செருப்பை மாட்டினார். தெருமுனையில், மார்க்கெட் சுவரை ஒட்டி, மினி லாரிகள் தினமும் சவாரிக்குக் காத்து நிற்கும். அன்றும் நின்றன. மேற்படி நால்வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தார்கள். போன அம்மா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தார்.

வண்டிச் சத்தம் கேட்டதும் அரேஞ்ச் அண்ணன் இறங்கி வந்தார். குளித்து, பவுடர் போட்டு, வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் காற்றைத் தன் பக்கம் இழுத்தார். "வா... வா... ஒடி... இன்னும் வா..." கேட் ஓரத்துப் பூந்தொட்டி ஒன்று நொறுங்கியது.

"பரவால்ல, வேற தொட்டி அரேஞ்ச் பண்ணிடலாம். என்னம்மா, சொன்னேன்ல? வண்டி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சுண்ணே. நடந்து போய்க் கூப்பிட்டேன், வந்துச்சு."

அவர் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது. அந்த இனத்துக்குக் காது அப்படி அமைந்திருக்கிறது.

சிறிது நேரத்தில் எலெக்ட்ரீஷியன் வந்தார், தான் சொன்ன வண்டிதானா என்று பார்க்க. கேன்காரரும் வந்தார். இஸ்திரிக்கடைக்காரர் டெய்லரிடம், "நான் போன் பண்ணவுடனே புடிச்சிட்டீங்களே" என்று பாராட்டினார். நால்வரும் இடுப்பில் கைவைத்துத் தங்கள் வண்டியைத் திருப்தியோடு பார்த்தார்கள்.

"வந்ததுதான் வந்தீங்க. ஆளுக்கொரு மூலையப் புடிங்க" என்று அந்த அம்மா பீரோவைக் காட்டினார்.

தப்ப வழியில்லை. பீரோ ஏறியது, மெஷின்கள் ஏறின, மேசையைக் கடைசியில் செருகினார்கள். அண்ணனின் பவுடர் கோடுகோடாகக் கழுத்தில் இறங்கியது. புதுக் குடித்தனக்காரர்களின் வண்டி தெருவில் திரும்பியபோது அந்த அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வாயில் அந்த இங்கிலீஷ் சொல் அன்று முழுவதும் வரவேயில்லை. டெய்லர், நல்ல மனிதர், அண்ணன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் ஒருவர் உங்களிடம் ஏதோ கேட்டாரே, "நமக்கு வேண்டியவர்தான், பேசிடறேன்" என்று தோளில் தட்டி அனுப்பினீர்களே, அவருக்கு என்ன ஆயிற்று? நினைவில்லையா? போகட்டும். உங்கள் போன் அடித்தால் எடுங்கள். யாருக்கோ ஏதோ வேண்டுமாம், தெரிந்த ஆள் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று சொல்வதற்கு முன்னால், வேண்டியது யாருக்கு என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

உங்களுக்காகவே இருக்கலாம்.