கப்பலார் தண்டித்த ஒரே போத்தல்

கொழும்பில் கெட்டுப்போன வைன் என்று ஒன்று இல்லவே இல்லை. கொட்டாஞ்சேனையில் நான் அறை எடுத்திருந்த தொடர்மாடியின் நான்காம் மாடியில் கப்பலார் குடியிருந்த வரைக்கும் இதுதான் சட்டம்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பயணிகள் கப்பல்களில் மேசை மேசையாக வைன் ஊற்றியே இளமையைக் கழித்தவர், அதனால் கப்பலார். அந்த வயதிலும் கண்ணாடி போடாமல், பால்கனியில் நின்றபடியே துறைமுகத்துக் கப்பல்களின் பெயர்களை வாசிப்பார். வாசித்துவிட்டு அவற்றின் பெயின்டைத் திட்டுவார்.

எங்கள் தொடர்மாடியில் வைன் குடிப்பவர்கள் குறைவு, வைன் வைத்திருப்பவர்கள் அதிகம். வெளிநாட்டுச் சொந்தங்கள் சுமந்து வரும் போத்தல், கண்ணாடி அலுமாரியில் பீங்கான் யானைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நிமிர்ந்து நிற்கும். ஏதோ ஒரு நத்தார்ப் பண்டிகைக்குத் திறப்பார்கள். முகம் சுளிப்பார்கள். 'பழுதாப் போச்சு' என்பார்கள். பிறகு கப்பலாரிடம் படியேறுவார்கள். லிஃப்ட் ஓடிய நாளை நான் கண்டதில்லை.

மேலே நடப்பது வழக்கு விசாரணை. சாட்சிகள் மூன்று. ஒரு கோப்பையில் நனைந்த பழைய பேப்பர்: போத்தல் வாயை அடைக்கும் கோர்க் பழுதானால் வைன் அப்படித்தான் மணக்குமாம். அடுத்ததில் தேங்காய் வினாகிரி: காற்றுப் பட்டுப் புளித்துப் போனதற்கு. மூன்றாவதில் அடிப்பிடித்த ஜாம்: சூட்டில் வெந்து போனதற்கு. வைனை இரண்டு விரல் அளவு ஊற்றி ஒரு மணித்தியாலம் சும்மா விடுவார். நாமும் சும்மா இருக்க வேண்டும். பேப்பர் காய்ந்தால் மட்டும் எழுந்து தண்ணீர் தெளிக்கலாம். பிறகு வைனையும் சாட்சிகளையும் மாறி மாறி மணந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"சாட்சி பொருந்தல்ல. நிரபராதி."

எல்லாப் போத்தலும் நிரபராதிதான்.

மூன்றாம் மாடிப் பரமேஸ் அக்காவின் கனடாப் போத்தல் ஆறு வருஷம் யன்னலோரத்தில் நின்றது. இதற்காவது தண்டனை கிடைக்கும் என்று நாங்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கப் போனோம்.

"இது பழுதில்லம்மா. களைப்பு."

"களைப்போ? வாயில வைக்க ஏலாமக் கிடக்கு!"

"ஆறு வருஷம் நிக்க வச்சிருக்கீங்க. நீங்க ஒரு நாள் முழுக்க நின்னா உங்க முகம் எப்படி இருக்கும்? அதுக்காக உங்கள சிங்குல ஊத்தலாமா?"

பரமேஸ் அக்கா இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

இனிக்கவில்லை என்று வந்தவரிடம், "அப்ப நெல்லி கிரஷ் குடி மேன்" என்றார். "ஏமாத்தம் வேற, பழுது வேற. பிடிக்காததெல்லாம் பழுதுன்னா உலகத்துல யாரு மிச்சம்?"

எனக்கு இதெல்லாம் அலுத்துப் போயிருந்தது. என் போத்தலின் முறை வரும் வரைக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எதற்கும் ஒரு பாடத்திட்டம் இருக்கும், படித்தால் பாஸ் பண்ணலாம் என்று நம்புகிறவன். மேலாளர் கல்கிசையில் புது வீட்டுக்குக் குடிபோனபோது, அலுவலகமே விருந்துக்குப் போனது. நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் வைன் ஸ்டோர்ஸில் நின்று லேபல் லேபலாக வாசித்துச் சிவப்பு வைன் ஒன்று வாங்கினேன். பெயர்ப்பலகையில்தான் வைன், அங்கே அதைக் கேட்டு வாங்கியவன் அன்று நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குச் சாராயம் அரை நிமிஷ வேலை.

மேலாளர் மூடியைத் திருகித் திறந்து, ஒரு வாய் குடித்து, கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார்.

"தம்பி, இது குடிக்கிறதுக்கோ, சம்பலுக்கு விடுறதுக்கோ?"

மேசை முழுக்கச் சிரித்தது. புறப்படும்போது அவருடைய மனைவி மிச்சத்தை என் கையிலேயே தந்துவிட்டார். முக்கால் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். அடுத்த நாளே அலுவலகத்தில் என் பெயர் வினாகிரி.

போத்தல் பழுது என்றால் நான் தப்பினேன். இல்லையென்றால் பழுது நான்தான். அன்று பின்னேரம் படியேறினேன்.

கப்பலார் போத்தலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரு குடிச்சாங்க மகன்? என்ன சொன்னாங்க?"

சொன்னேன். சம்பல் என்ற இடத்தில் போத்தலின் லேபலை நகத்தால் சுரண்டினேன். அவர் ஊற்றினார். ஒரு மணித்தியாலம் விடவில்லை, ஒரு நிமிஷம்கூட விடவில்லை. ஒரு தடவை மணந்தார். நனைந்த பேப்பரை எடுத்து மணந்தார்.

"கோர்க் பழுது."

"அங்கிள், வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"கப்பல்ல எத்தனை வருஷம் மேன் நான்? கோர்க் பழுதுதான்."

கலண்டர் தாளொன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதியும் தந்தார்: 'கோர்க் பழுது. கொண்டு வந்தவரில் பிழை இல்லை.'

மறுநாள் காலை மேலாளர் அந்தத் தாளை எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். வாசித்துவிட்டுத் தலையாட்டினார். "நான் அண்டைக்கே நினைச்சனான். கோர்க்கை இழுக்கேக்கையே ஒரு மணம் வந்தது." எல்லாரும் தலையாட்டினார்கள். தேநீர் வருவதற்குள் வினாகிரி செத்துப்போனான்.

என் கதிரையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேலாளர் எதையும் இழுக்கவில்லை. திருகினார். அதே தகர மூடியைத் திருகி மூடித்தான் நானும் ரயிலில் கொண்டு வந்தேன். அந்தப் போத்தலுக்குக் கோர்க்கே கிடையாது.

அன்றைக்கும் நாலு மாடி ஏறினேன். கப்பலார் பால்கனியில் நின்றார்.

"அங்கிள், அது திருகுமூடிப் போத்தல்."

"அப்படியா மகன்?" என்றார், திரும்பாமலே. "எனக்கு இப்ப கண் சரியில்ல." சொல்லிவிட்டுத் தூரத்தில் வந்துகொண்டிருந்த கப்பலொன்றின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்து, அதன் பெயின்டைத் திட்டினார்.

போன வருஷம் மகள் அவரை இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே எத்தனை போத்தல்களை விடுதலை செய்கிறாரோ தெரியாது. மழையில் ஊறிய பேப்பர் வாசலில் கிடந்தால் மற்றவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நான் குனிந்து எடுத்து, ஒரு தடவை மணந்துவிட்டுத்தான் போடுகிறேன்.