ரெக்கார்டிங் அண்ணன் எழுதிய கணக்குப் பரீட்சை

மத்திகிரி மாட்டுப்பண்ணை மதிலை ஒட்டி ஓசூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, மறுநாள் கணக்குப் பரீட்சைக்கான ஹால் டிக்கெட். சட்டைப்பையில் செல்போன் பதினோராவது தடவையாக அடித்தது. நான் எடுக்கவில்லை. அடித்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. தான் தூங்கிக்கொண்டு தன் செல்போனைப் பத்தாவது படிக்க வைத்த மனிதர், தமிழ்நாட்டில் அவருக்கு முன்னால் யாரும் இருந்திருக்க முடியாது.

எங்களுக்கு அவர் ரெக்கார்டிங் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கிய வயசு. நான் சிங்காரப்பேட்டையில் படிப்பை விட்டு, நாலைந்து ஊர் சுற்றி வந்தவன். மத்திகிரியில் லைன் வீடு ஒன்றில் ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தோம். அவருக்குப் பகல் ஷிப்ட் என்றால் எனக்கு இரவு. ஒருவர் எழுந்த சூடு ஆறும்முன் மற்றவர் அதே பாயில் படுப்போம். அதனால் எங்கள் குடும்பமே மிஸ்டு காலில்தான் நடந்தது. ஒரு மிஸ்டு கால் என்றால் எல்லாம் நல்லபடி, சோறு ஆக்கியாச்சு. இரண்டு என்றால் சிக்கல், பரோட்டா வாங்கி வா.

அண்ணன் கம்பெனியில் தகடு அமுக்கும் பிரஸ் மிஷின் ஓட்டினார். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். பத்தாவது பாஸ் என்று காட்டினால் பெர்மனென்ட் பண்ணுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது. கணக்கு மட்டும் ஐந்து தடவை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. ஊரில் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். பெர்மனென்ட் ஆனால்தான் அவர்களை அழைத்து வருவேன் என்று சபதம். தீபாவளிக்குத் தீபாவளி அந்தச் சபதத்தைச் சட்டை போலப் புதுசாக எடுப்பார்.

ஆறாவது தடவைக்கு ஞாயிற்றுக்கிழமை டியூஷனில் சேர்ந்தார். என்னையும் இழுத்துப் போட்டார். சொல்லிக்கொடுத்த டீச்சர் எங்களைவிடச் சின்னவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். முதல் வகுப்பிலேயே அண்ணன் புதுசாக வாங்கிய மெமரி கார்டு போனை மேசைமேல் வைத்து ரெக்கார்டிங்கை அமுக்கினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"அண்ணா, போர்டைப் பாருங்க."

"நான் எதுக்கு டீச்சர்? அதான் அது கேக்குதுல்லா."

"பரீட்சையும் அதுவே எழுதுமா?"

"எழுதுத போனு இன்னும் வரல டீச்சர். வந்தா மொத ஆளா வாங்கிருவேன்."

வகுப்பே சிரித்தது. அடுத்த மாசம் அந்த வகுப்பே மேசையில் போனை வைத்தது. யாரும் நோட்டு கொண்டு வரவில்லை. எட்டுப் பேர் கொட்டாவி விட, எட்டுப் போன் பாடம் கேட்டன. டீச்சரும் வெறுத்துப்போய் மனிதர்களை விட்டுவிட்டுப் போன்களைப் பார்த்தே நடத்த ஆரம்பித்தார். ஒரு நாள் என் போனைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். என்னைவிடப் போனே மேல், அது தலையாட்டாது. நான் புரியாமலே ஆட்டினேன்.

மற்றவர்கள் பதிந்ததோடு சரி, அடுத்த வாரமே அழித்துப் பாட்டு ஏற்றிவிடுவார்கள். அண்ணன் மட்டும் கேட்டார். பிரஸ் ஓட்டும்போது ஒரு காதில் டீச்சர். தூங்கும்போது இரண்டு காதிலும் டீச்சர். சூப்பர்வைசர் ஒரு நாள் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்து, "என்னய்யா, பாட்டுக்குப் பதிலா கூம்பு ஓடுது!" என்று பயந்து திருப்பிக் கொடுத்தாராம்.

நான் கேட்கவே இல்லை; என் போனில் கார்டே கிடையாது, மேசையில் வைத்ததெல்லாம் வெறும் வேஷம். அண்ணன் கார்டில் எல்லாம் இருக்கிறதே, அது எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன். அது ஓடியது, என் கையால்.

பரீட்சைக்கு முந்தின நாள். அண்ணன் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார், நான் லீவு போட்டிருந்தேன். எனக்கு நாலு பாட்டு கேட்க ஆசை. சொல்லாமல் அவர் கார்டைக் கழற்றிக்கொண்டு செல் கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு சண்டைப் படம் ஓடியது. வில்லன் மாடியிலிருந்து விழுகிற நேரம். கடைக்காரர் கேட்டார்: "கார்டு ஃபுல்லா இருக்குது. உள்ள இருக்கறத தூக்கிடவா?"

"ஊம்" என்றேன்.

அவர் கேட்டது காதில் விழுந்தது. மனசில் விழும்போது வில்லனும் விழுந்திருந்தான், எட்டு மாசப் பாடமும் போயிருந்தது. திரும்ப எடுக்க முடியாது என்று கைவிரித்தார். வந்து கார்டைப் பழையபடி செருகினேன். அண்ணன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"ஏல, எங்கல இருக்க?"

"அண்ணா, கார்டு..."

"பாத்தேன்ல. டீச்சர் வர எடத்துல ஒருத்தி குத்துப்பாட்டுல வாரா. அத விடு. நீ ஒரு நாள் கொட்டாவி விட்டு நான் கிள்ளுனேன்லா, அது எந்தப் பாடம்?"

"முக்கோணவியல்ண்ணா."

"கிள்ளுனதும் நீ ஆத்தான்னு கத்துன. பொறவு டீச்சர் என்ன சொன்னாவ?"

மதிலோரம் நின்று யோசித்தேன். ஆச்சரியம், வந்தது. "சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் கூட்டுனா ஒண்ணு."

"ஆங்! கூம்புக்கு முன்னால பக்கத்து வீட்டம்மா 'ஊட்டா ஆய்த்தா'ன்னு, சாப்பிட்டாச்சான்னு கன்னடத்துல கேக்கும். பொறவு, மூணுல ஒரு பங்கு பை ஆர் ஸ்கொயர் ஹெச். பஸ் ஆரன் எங்கல வரும்?"

"வட்டத்துலண்ணா. தொடுகோடு."

கொட்டாவி, ஆரன், இருமல் என்று பிடித்துப் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் புத்தகத்தையே திரும்பக் கட்டினோம். பாடமாக எனக்கு எதுவும் நினைவில்லை. வகுப்பாக எல்லாம் இருந்தது. என் போன் சார்ஜ் இல்லை என்று முனகியது.

"திரும்பி வால. காலைல சேந்தே போவோம்."

"வர்றன்ண்ணா" என்றேன். போன் அணைந்தது. அவர் திட்டியிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். திட்டாத மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது? ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் நின்றது, ஏறிவிட்டேன். அன்று ராத்திரி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் படுத்தேன். சாப்பாடு இல்லை. அது ஒன்றும் புதுசில்லை.

காலையில் ஒரு செல் கடைக்குப் போய் போனுக்குச் சார்ஜ் போடக் கேட்டேன். கடைக்காரர் வேலைக்கு ஆள் வராத எரிச்சலில் இருந்தார். "சும்மா நிக்கற நேரத்துல, கடைக்கு வர்றவங்களுக்குப் பாட்டு ஏத்தித் தர்றியா?" என்றார். உட்கார்ந்தேன். அதுதான் என் அடுத்த வேலை. பத்து மணிக்குப் பரீட்சை மணி அடித்திருக்கும். என் ஹால் டிக்கெட் பையில் இருந்தது.

பரீட்சை முடிகிற நேரத்துக்கு ஒரு லாரி டிரைவர் வந்து கார்டை நீட்டினார். "எல்லாத்தயும் அழிச்சிட்டுப் புதுப் பாட்டா போடுப்பா."

"உள்ள யாரோட பாடமாவது இருக்குதாங்க? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"பாடமா?"

அப்போது என் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. அண்ணன் நம்பர். நான் கையில் கார்டோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, ஏத்தறியா இல்லியா?"

"கொஞ்சம் இருங்கண்ணா. இன்னொண்ணு வராம இருக்கணும்."

வரவில்லை.