வில்லோ ஃபோர்க் தீயணைப்புப் படைக்கு ஒரே தோட்டா

வில்லோ ஃபோர்க், மொன்டானா
அக்டோபர் 1974

'மலைமுகடு' வேட்டை இதழின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திரு. ஹோல்கேட் அவர்களுக்கு,

வில்லோ ஃபோர்க் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவன் எமெட் ஹாகன் எழுதுவது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

சென்ற மாத இதழில் தாங்கள் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தீர்கள். மானுக்கும் எல்க் என்னும் பெரிய கொம்புமானுக்கும் கரடிக்கும், சமவெளிக்கும் அடர்காட்டுக்கும், ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு வகைத் தோட்டாவை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எதை வைத்துக்கொள்வது என்பது தங்கள் கேள்வி. நெஞ்சை நிமிர்த்தி எழுப்பிய கேள்வி. முப்பது-சுழியம்-ஆறு என்னும் தோட்டாவின் எடையைப் புகழ்ந்தீர்கள்; இருநூற்றெழுபதின் விரைவைப் புகழ்ந்தீர்கள்; ஒவ்வொன்றும் எங்கள் மலைகளில் எப்படியெல்லாம் விலங்கைச் சாய்க்கும் என்று பாட்டாகப் பாடினீர்கள். பின்பு கடைசி வரியில், "ஆகவே இது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது" என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டீர்கள். ஐயா, அவரவர் விருப்பம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் அடித்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தெரிந்துகொள்ளவா சந்தா கட்டினோம்?

எங்கள் படையிடம் ஒரு தீயணைப்பு வண்டி உண்டு. என் திருமணத்துக்கு முன்பே வயதுக்கு வந்த வண்டி. அது தானாகக் கிளம்பாது; கொட்டகைச் சரிவில் எல்லோரும் சேர்ந்து தள்ளினால்தான் கிளம்பும். பாதிப் பேர் தள்ளினால் இருமும், அவ்வளவுதான். ஆகவே புதிய வண்டிக்கு நிதி சேர்க்க, இவ்வாண்டு ஒரு புத்தம் புதிய வேட்டைத் துப்பாக்கியைக் குலுக்கலில் வைப்பதென்று முடிவு செய்தோம். எந்தத் தோட்டாவுக்குரிய துப்பாக்கி என்று தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டுமே. அதைப் பேசி முடிக்க நாங்கள் கூடிய நாளில் தங்கள் கட்டுரை கொட்டகைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

படையின் தளபதி வெர்ல் டாலெஃப்சன் முப்பது-சுழியம்-ஆறின் கட்சி. வண்டி ஓட்டுநர் ராபெர்ட்டா இருநூற்றெழுபதின் கட்சி. அவர் வெர்லுக்கு அக்காள். இருநூற்றெழுபது என்பதே முப்பது-சுழியம்-ஆறின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் இறுக்கிச் செய்த தோட்டா என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு தோட்டாக்களுக்காக ஒரு வயிற்றில் பிறந்த இருவர் மோதிக்கொண்ட காட்சியைத் தாங்கள் நேரில் கண்டிருந்தால் தங்கள் பேனா தானாகவே மூடிக்கொண்டிருக்கும்.

"கரடி எழுந்து நின்னா உன் இருநூத்தி எழுபதை வெச்சு என்னக்கா பண்ணுவே? கிச்சுகிச்சு மூட்டுவியா?" என்றார் வெர்ல்.

"உன் முப்பது-சைபர்-ஆறு எதிர்மலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்க் தண்ணி குடிச்சு, புல்லு மேஞ்சு, தூங்கப் போயிரும்டா" என்றார் ராபெர்ட்டா.

அவ்வளவுதான், பள்ளத்தாக்கு இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கி முப்பது-சுழியம்-ஆறுக்கு என்றால் ஒரு பாதி சீட்டு வாங்காது. இருநூற்றெழுபதுக்கு என்றால் மறு பாதி வாங்காது. அப்போது நான் எழுந்தேன். ஐயா, நான் பேச்சாளன். ஒவ்வொரு ஜூலை நான்காம் நாளும் இந்த மண்ணின் விடுதலையைப் பற்றி நான் பேசும்போது குதிரைகள்கூடத் தலையைத் தூக்கிக் கேட்கும். பொதுவாழ்வில் இருப்பவன் கட்சி கட்டக் கூடாது என்பதால், என் துப்பாக்கி எந்தத் தோட்டாவைத் தின்னும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் எவரிடமும் நான் சொன்னதில்லை. வேட்டைக்கும் தனியாகவே போவேன். அந்த நடுநிலையின் மேடையில் நின்று, "வென்றவர் எதை விரும்புகிறாரோ அதற்கே துப்பாக்கி! வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை, ஊர் விருந்தில், வென்றவர் தம் வாயால் அறிவிக்கட்டும்!" என்று முழங்கினேன். கொட்டகை அதிர்ந்தது. வெர்லும் ராபெர்ட்டாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் கைதட்டினார்கள். சீட்டுகள் பறந்தன.

பறந்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. வென்றவர் வாயிலிருந்து வருவது விருப்பமன்று, தீர்ப்பு. அவர் எதைச் சொன்னாலும் பாதிப் பள்ளத்தாக்கு அவருக்கு முதுகைக் காட்டும். இறைச்சி வெட்டும் கடைக்காரர் தாம் வாங்கிய சீட்டை அடுப்பில் போட்டார். பாதிரியார் தம் சீட்டைத் திருப்பித் தர வந்து, அடிக்கட்டையைக் கிழித்தெறியும்படி என்னிடம் கெஞ்சினார். இந்த நிலையில் சீட்டுகள் போட்டிருந்த பீப்பாயைச் சுழற்றி, கையை விட்டு, சீட்டை எடுத்துப் படித்தார்கள். எமெட் ஹாகன்.

நான் சீட்டு வாங்கவேயில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி லோர்னாவைக் கேட்டேன்.

"நான்தான் உங்க பேர்ல வாங்கினேன். ஊருக்கெல்லாம் வாங்குங்க வாங்குங்கன்னு தொண்டை கிழியப் பேசிட்டு, ஒண்ணுகூட வாங்காம வந்து நின்னீங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ராபெர்ட்டா ஆப்பிள் பை பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, தளர்ந்த தோளுக்கு இருநூற்றெழுபதின் உதை எவ்வளவு இதமானது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். வெர்ல் எல்க் தொத்திறைச்சி கொண்டுவருகிறார். அதை வீழ்த்தியது எது என்று நான் கேட்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. மறு குலுக்கல் நடத்தலாம் என்றேன், மோசடி என்றார்கள். துப்பாக்கியை நன்கொடையாகக் கொடுக்கிறேன் என்றேன். எந்தக் கட்சிக்காரனுக்கு என்றார்கள். துப்பாக்கியே வேண்டாம் என்றேன். அப்படியானால் தலைவர் பதவியும் வேண்டாமா என்றார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன், கஸ் ஆம்ப்ளரின் வைக்கோற்போர் பற்றி எரியாமல் இருந்திருந்தால். சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினோம். வண்டி வழக்கம்போல் நின்றது. ராபெர்ட்டா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "தள்ளுங்கடா" என்றார். வெர்லின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எடை வேணாம், வேகம் போதும்னு சொன்னியேக்கா. உன் ஆளுங்களை விட்டு வேகமாத் தள்ளச் சொல்லு, பாப்போம்."

"நீ எடையைப் போட்டுச் சாயேன்டா. அதுக்குத்தானே உன்னைப் பெத்துப் போட்டாங்க."

நான் நடுவே நின்று ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பேசி முடித்து, அவர்கள் தள்ளி, வண்டி போய்ச் சேர்ந்தபோது வைக்கோல் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. கஸ் ஆம்ப்ளர் மாடுகளை மட்டும் நம்புகிறவர். எந்தத் தோட்டாக் கட்சியிலும் இல்லை. அவர் எங்களைத் திட்டவில்லை. "தலைவரே, பனிக்காலம் முழுக்க என் மாடு உங்க பேச்சைத் திங்குமா?" என்று மட்டும் கேட்டார். ஐயா, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் என்னைக் குறுக்கிட்டுக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இவருக்கு மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஊரார் அவருக்கு வைக்கோல் கொண்டுவந்து கொடுத்தார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு போராக அடுக்கினார்கள். ஒன்று முப்பது-சுழியம்-ஆறு வைக்கோல், மற்றொன்று இருநூற்றெழுபது வைக்கோல். இரண்டுக்கும் நடுவே ஒரு மாடு தாராளமாக நுழையும்படி இடைவெளி விட்டார்கள்.

இப்போது விருந்துக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. நான் வெர்லின் தோட்டாவைச் சொன்னால் ராபெர்ட்டா சாவியைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அந்தக் கிழட்டு வண்டியின் பற்சக்கரங்களோடு பேசத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை. ராபெர்ட்டாவின் தோட்டாவைச் சொன்னால் வெர்லோடு பாதிப் படை போய்விடும். வண்டியைத் தள்ள ஆள் இருக்காது. எப்படியானாலும் அடுத்த தீ எவர் வீட்டில் பற்றினாலும் அந்த வீடு போனதுதான். இங்கே நவம்பரில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிகிறது, ஆசிரியர் அவர்களே. எனக்கு உறக்கம் வருவதில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. நழுவாமல், வழுக்காமல், இதைப் பொறுத்தது அதைப் பொறுத்தது என்று இழுக்காமல், ஒரே ஒரு தோட்டாவின் பெயரைத் தாங்கள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். விருந்தில் அதைத் தங்கள் தீர்ப்பு என்று அறிவிப்பேன். ஊர் தங்களை வையட்டும். தாங்கள் தொலைவில் இருக்கிறீர்கள். விடை ஏற்கெனவே எங்கேனும் எழுதப்பட்டிருக்குமோ என்று தங்கள் பழைய இதழ்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கிப் புரட்டினேன். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அதே கேள்வி, அதே எட்டுப் பக்கம், அதே கடைசி வரி. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இதை எழுதிக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாக எரிகின்றன. தங்கள் எழுத்தால் எனக்குக் கிடைத்த முதல் கதகதப்பு இதுதான். "அம்புட்டையும் ஒரேடியாத் திணிக்காதீங்க, புகைபோக்கி இன்னும் தொடைக்கலை" என்கிறாள் லோர்னா. நான் தணிகிற மனநிலையில் இல்லை. என் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தங்கள் குறி என்றும் தவறாதிருக்கட்டும்; தங்கள் இல்லத்தில் பனிக்காலம் முழுதும் இறைச்சி நிறைந்திருக்கட்டும்; தங்கள் பேனாவுக்கு இனியேனும் முதுகெலும்பு வாய்க்கட்டும்.

எவர் பக்கமும் சாயாத,
எமெட் ஹாகன்
தலைவர், வில்லோ ஃபோர்க் தன்னார்வத் தீயணைப்புப் படை

பின்குறிப்பு: மேலே உள்ள எதற்கும் விடை வேண்டாம். கையெழுத்திட்டு மை உலர்வதற்குள் புகைபோக்கிக்குள் படிந்த கரி தீப்பற்றி, சரக்கு ரயில்போல் உறுமத் தொடங்கியது. தங்கள் இதழ்களின் வழவழப்பான தாள்தான் காரணம் என்று வெர்ல் சொல்கிறார். லோர்னா தொலைபேசியை எடுத்து, ஊருக்கெல்லாம் கேட்கும் பொது இணைப்பில், "தலைவர் வீடு எரியுது. தள்ளுறவங்க தள்ளுங்க, தள்ளாதவங்க இனிமே என் கையால காப்பி குடிக்க வராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். முற்றத்துப் பனியில் காலுறையோடு நின்று, என் கூரைக்கு மேலே தீப்பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வராது என்றே நினைத்தேன். வந்தது, ஐயா. ராபெர்ட்டா ஓட்டினார். வெர்லின் ஆட்களும் அவர் ஆட்களும் இருபுறமும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோருடைய முழங்காலிலும் தள்ளிய சேறு.

வெர்ல் கூரையில் ஏறினார். "தண்ணியை ஊத்தாதேடா, செங்கல் வெடிச்சிரும்! உப்பைக் கொட்டு!" என்று கத்தினார் ராபெர்ட்டா. வெர்ல் உப்பு மூட்டையைத் தூக்கிப் புகைபோக்கிக்குள் கொட்டினார். தீ அடங்கியது. அடங்கிய மறுகணமே, உப்பின் எடைதான் தீயை அடக்கியது என்று கூரையிலிருந்து அவர் சொல்ல, கொட்டிய வேகம்தான் அடக்கியது என்று கீழிருந்து இவர் சொல்ல, என் வீட்டுக் கூரைமேல் மறுபடியும் முப்பது-சுழியம்-ஆறும் இருநூற்றெழுபதும் மோதின. என்னால் பொறுக்க முடியவில்லை. விருந்துக்காக வைத்திருந்த குரலையெல்லாம் திரட்டி, "இருநூத்தி நாப்பத்தி மூணு!" என்று கத்தினேன்.

இரு கட்சியும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

ஆம், ஆசிரியர் அவர்களே. இருநூற்று நாற்பத்து மூன்று. சின்னஞ்சிறு தோட்டா. இத்தனை ஆண்டுகளாக என்னிடம் இருப்பது அதுதான். பெரிய துப்பாக்கியின் உதையை என் தோள் தாங்காது. விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறேன். தோட்டா வாங்க அடுத்த மாவட்டத்துக்குப் போய், பேத்திக்கு என்று சொல்லி வாங்கிவருவேன்.

கூரைமேல் நின்ற வெர்ல் மெதுவாகச் சொன்னார்: "தலைவரே, அது நான் என் பொண்ணோட பன்னெண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது."

"அவளே போன வருஷம் வேணாம்னுட்டாளேடா" என்றார் ராபெர்ட்டா.

அக்காளும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வெர்ல் சிரித்த சிரிப்பில் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைக் கீழே நின்று பிடித்துக்கொண்டவர் ராபெர்ட்டா. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், தீயைப் பார்த்து வந்திருந்த கஸ் ஆம்ப்ளர் உட்பட. லோர்னா மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. எங்க வீட்டு ஃப்ரீசர் ஒரு வருஷமாச்சும் கறியில்லாம காலியா இருந்திருக்கா?" என்று கேட்டாள். ஆனாலும் நான் சொன்னது முழு முட்டாள்தனம் என்பதில் இரு கட்சியும் முழுமையாக ஒன்றுபட்டுவிட்டன. குலுக்கல் துப்பாக்கி இருநூற்று நாற்பத்து மூன்றுக்கே வரட்டும், இரு தரப்பையும் அது சமமாக அவமதிக்கிறது என்று வெர்ல் முன்மொழிந்தார், ராபெர்ட்டா வழிமொழிந்தார்.

இப்போது அனைவரும் என் அடுக்களையில் ஆப்பிள் பை தின்றுகொண்டிருக்கிறார்கள். இருநூற்று நாற்பத்து மூன்று சிறுவர்களுக்குரியது என்று தாங்கள் எந்த இதழில் எழுதினீர்கள் என்பதை உடனே எனக்குக் காட்ட வேண்டுமாம், ஆனால் எல்லாம் சாம்பலாகிவிட்டது. ஆகவே பழைய இதழ்கள் முழுவதையும் மறுபடி அனுப்பிவைக்கவும். சந்தாவை மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கவும்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. வாசலில் வண்டி நின்றுபோய்விட்டது. "இருநூத்தி நாப்பத்தி மூணு, வாங்க, வந்து தள்ளுங்க" என்று கூப்பிடுகிறார்கள். போகிறேன்.