கரடி வீட்டு டிவியும் மூடப்பட்ட புகாரும்

ஒரு காட்டில், செல்போன் டவர் ஓரளவு கிடைக்கிற பகுதியாகப் பார்த்து, பெரியகருப்பன் என்ற கரடி தன் மனைவி அங்கம்மாளோடு குடியிருந்தது. அவர்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. நன்றாகப் பாடுவாள். பக்கத்துக் காட்டு டிவிக்காரர்கள் நடத்திய பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போய்விட்டாள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நேரடி ஒளிபரப்பு.

புதன்கிழமை கரடி வீட்டு டிவியில் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது.

கரடி கம்பெனிக்கு போன் செய்தது. எடுத்தது ஒரு கிளி.

"வணக்கம். உங்கள் புகார் பதிவாகிவிட்டது. எங்கள் ஆள் இருபத்துநாலு மணி நேரத்தில் வருவார்."

வியாழன் போனது, வெள்ளி போனது. கரடி மறுபடி போன் செய்தபோதெல்லாம் கிளி அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னது.

"நாளைக்குப் புள்ள பாடுறா. நீங்க போனையே பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் அங்கம்மாள்.

சனிக்கிழமை மதியம் கரடி பொறுமை இழந்து, டிவியைச் சுவரிலிருந்து இறக்கிக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தது. ஸ்க்ரூடிரைவர் தேவைப்படவில்லை, நகமே போதுமானதாக இருந்தது. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கறையான் புற்று. மண் ஏறி, படத்துக்குப் போகிற பட்டை ஒயரை இடத்தைவிட்டு நெம்பித் தள்ளியிருந்தது. கரடி வாயைக் குவித்து ஓர் உறிஞ்சு உறிஞ்சியது. புற்று காலி, மதியச் சாப்பாடும் முடிந்தது. ஒயரை அதன் இடத்தில் பதமாகச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டது. பளிச்சென்று படம் வந்தது.

அங்கம்மாள் ஆனந்தத்தில் புருஷனுக்குத் திருஷ்டி கழித்தாள்.

ஐந்தரை மணிக்கு வாசலில் டொக் டொக் என்று சத்தம். கம்பெனிச் சட்டை போட்ட மரங்கொத்தி நின்றது.

"சர்வீஸ் சார். டிவி எங்க?"

"அது சரியாயிருச்சு தம்பி. நானே பார்த்துட்டேன்" என்றது கரடி பெருமையாக.

மரங்கொத்தியின் முகம் வாடிவிட்டது. "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நான் எப்படிப் புகாரை மூடுறது?"

"நல்லா ஓடுதுன்னு எழுதி மூடுங்க."

"எங்க ஆப்புல அப்படி ஒரு கட்டமே இல்ல சார். 'பாகம் மாற்றப்பட்டது', 'பாகம் கைவசம் இல்லை', 'பொய்ப் புகார்.' மூணுதான். பொய்ப் புகார்னு போட்டா இந்த வீட்டு நம்பர் தடையாயிரும். நாளைக்கு ஃப்ரிட்ஜ் நின்னாலும் ஒருத்தர் வரமாட்டாங்க."

அங்கம்மாள் பதறினாள். ஃப்ரிட்ஜில் ஒரு வருஷத்துத் தேன் இருந்தது.

"வேற வழியே இல்லையா தம்பி?"

"பழுதைக் காட்டி ஒரு போட்டோ எடுத்தாப் போதும்மா. சார் அந்த ஒயரை லேசா உருவட்டும். எடுத்ததும் திரும்பச் செருகிக்கலாம், அரை நிமிஷ வேலை."

கரடி பின்மூடியைத் திறந்து ஒயரை லேசாக இழுத்தது. லேசாக என்றால் கரடிக்கு லேசாக. ஒயர் பாதியாகக் கிழிந்து கையோடு வந்தது.

மரங்கொத்தி மகிழ்ச்சியாக நாலு போட்டோ எடுத்தது. "அருமை சார்! 'பாகம் கைவசம் இல்லை.' உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

கரடி சொன்னது.

"புகார் மூடியாச்சு. ஒயர் வர இருபத்தோரு நாள் ஆகும். வந்ததும் புதுசா ஒரு புகார் குடுங்க. அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

மணி ஆறு. இருட்டுத் திரையின் முன்னால் இரண்டு கரடிகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தன. தேன்மொழி பாடினாள். கைதட்டல் கேட்டது. யாரோ அவளைத் தூக்கிக் கொண்டாடுகிற கூச்சல் கேட்டது. அங்கம்மாள் திரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஏழு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "அப்பா, ஜெயிச்சுட்டேன்! பார்த்தீங்களா?"

"பார்க்காம இருப்போமாம்மா? அந்தப் பச்சைப் புடவை உனக்கு அவ்வளவு எடுப்பு!"

"புடவையா? நான் மஞ்சப் பாவாடை தாவணிப்பா."

கரடி மனைவியைப் பார்த்தது. மகளின் பெட்டியில் பச்சைப் புடவையை மடித்து வைத்தனுப்பிய அவள் தலை குனிந்துகொண்டாள்.

"டிவியில கலர் கொஞ்சம் மாறித் தெரியுதும்மா."

"அப்ப தள்ளிப்போடாம உடனே ஒரு புகார் குடுத்திருங்கப்பா" என்றாள் தேன்மொழி.

நீதி: சர்வீஸ் ஆள் கதவைத் தட்டும்போது வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஊரில் இல்லாதவர்போல் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ள வேண்டும்.