கொலோசியத்துக்கு அரைப்பேர்

ரோமாபுரியின் சந்துபொந்தெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் ரோமாபுரியில் இருக்கவில்லை. ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து நாலு மைல் உள்ளே, ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தார். போப்பாண்டவரே வழி தவறி எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்திருந்தால், ஆற்றுப் பாலம் தாண்டி இடது கைப்பக்கம் திரும்பினால் உங்கள் வீடு என்று சொல்லி அனுப்பிவைத்திருப்பார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கோயில் புத்தகத்தோடு சரி. வெள்ளைக்காரத் துரையிலிருந்து மாட்டுக்காரன் வரை எல்லாருக்கும் அவர் ரோமாபுரியார். அவருக்குக் கீழே நான் சின்னக் கிராணி. 'சின்ன' என்பது பதவிக்கு மட்டும். அப்போதே ஆபீஸ் நாற்காலி என்னைக் கண்டால் முனகும்.

ரோமாபுரி அவர் தலைக்குள் குடிவந்த கதை கல்யாணத்தில் தொடங்குகிறது. பெண் பொந்தியான்காரி. கடல் காற்று, கடைத்தெரு, நாலு பேச்சுத்துணை என்று வளர்ந்தவள், காட்டுக்குள் இருக்கும் கிராணிக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை நேரே போய், காடு கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் ரோமாபுரிக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார். வாய்க்கு வந்தது அது. சிங்கப்பூர் என்று சொல்லியிருந்தால் ஒரு பகல் ரயிலில் விஷயம் முடிந்திருக்கும்.

மனைவியாக வந்த அன்னம்மா அக்கா அதை மறக்கிற ஆளா? சோறு குழைந்துவிட்டது என்று அவர் முகத்தைச் சுளித்தால், "ரோமாபுரில பதமா வடிப்பாங்களாம். எப்பப் போறோம்?" என்பார். கூரை ஒழுகினால், அங்கே எல்லாம் கல் கட்டடமாம் என்பார். இருபத்துநாலு வருஷம் இப்படியே ஓடியது. வெள்ளி விழாவுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ரோமாபுரியார் சொன்னாராம்: "அன்னம்மா, அடுத்த பிப்ரவரி. துணிமணியைப் பாத்துக்க."

அக்கா கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்ததை நான் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டேன். சண்டை என்று நினைத்து வழக்கம்போலச் சுவரில் காதை வைத்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது.

திட்டம் இதுதான். சிங்கப்பூரில் கப்பல். கொழும்பு, ஏடன், சூயஸ், நேப்பிள்ஸ். அங்கிருந்து ரயிலில் ரோமாபுரி. போக மூன்று வாரம், வர மூன்று வாரம். ஊரைப் பார்க்க மூன்று நாள். லாயாங் லாயாங் கடைத்தெருவில் பெட்டி வாங்கப் போனபோது கடை முதலாளியான சீனத் தவுக்கே விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அலமாக், கிராணி, மூணு நாளுக்கா இவ்வளவு கடல்?" என்று கேட்டார். ரோமாபுரியார் அசையவில்லை. நாலாம் நாள் கப்பல் திரும்புகிறது, அதற்கு மேல் தங்கினால் தோட்டத்தில் பெரட்டு யார் எடுப்பது என்றார்.

பெரட்டு என்றால் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் மணி அடித்து, பால்வெட்டுக்காரர்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி, செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். 'இருக்கேன்' என்றால் பேர் விழும். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், பாதி வேலைக்கு அரைப்பேர். இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்த மனிதருக்கு உலகமே ஒரு பெரட்டாகத்தான் தெரிந்தது. ரோமாபுரித் திட்டத்தையும் அவர் ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தில்தான் எழுதினார். ஆள் பெயர் எழுதுகிற இடத்தில் கோயில், மண்டபம், நீரூற்று. எதிரே மூன்று நாளுக்கு மூன்று கட்டம். இராயப்பர் கோயில், முழுப்பேர். சின்னப்பர் கோயில், முழுப்பேர். கொலோசியம் என்ற பழைய வட்டரங்கத்துக்கு மட்டும் அரைப்பேர்.

ஏன் என்று கேட்டேன். படத்தைக் காட்டினார்.

"பாரும்யா. பாதி இடிஞ்சு கெடக்கு. அதுக்கு எதுக்கு முழுப்பேர்?"

அவர் வீட்டில் நாலு பசுக்கள் இருந்தன. பயணத்துக்காக வளர்த்தவை. அவற்றுக்குக் கொழும்பு, ஏடன், சூயஸ், நேப்பிள்ஸ் என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றாக விற்றுக் கப்பலை நகர்த்தினார். தோட்டமே கூடவே பயணம் செய்தது. காலையில் பால் வாளியோடு போகிறவர்கள், "ஏடன் வித்தாச்சா? சூயஸ் எப்ப?" என்று விசாரிப்பார்கள். நேப்பிள்ஸ் ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது முப்பது பேர் வேலையை விட்டு அதைத் தேடினார்கள். எல்லாருக்கும் முன்னால் நான்தான் ஓடினேன். எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்தேன்.

பிறகு குளிர்ப் பயிற்சி. மார்ச்சில்கூட அங்கே பல் கிட்டிப்போகுமாம். ரோமாபுரியார் குளுவாங்கிலிருந்து ரயிலில் ஒரு ஐஸ் பாளம் வரவழைத்தார். மரத்தூள் போட்டுக் கோணியில் கட்டி வந்த அதை வீட்டில் சேர்க்கிற பொறுப்பை, யோசிக்காமல், என்னிடம் விட்டார். சைக்கிளின் பின்னால் கட்டினேன். நாலு மைல், நட்டநடு வெயில், வழியில் ஒரு காப்பிக்கடை. நான் கொண்டுபோய் இறக்கியது ஈர மரத்தூளும் ஒரு தேங்காய் அளவு ஐஸும். கம்பளிக் கோட்டு போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு காத்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் அந்தத் தேங்காயை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். வேர்வையில் நனைந்து வெளியே வந்த அக்கா, "தாங்கிக்கலாம் தம்பி. ரோமாபுரிக் குளிரு அப்படி ஒண்ணும் இல்ல" என்றார்.

சப்பாத்துப் பயிற்சியும் உண்டு. அக்கா வாழ்நாளில் காலில் சப்பாத்து போட்டதில்லை. சாயங்காலம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருவரும் சப்பாத்தோடு நடப்பார்கள். இவர் ஒவ்வொரு மரமாகக் காட்டி, இது இராயப்பர் கோயில் வாசல், இது நீரூற்று என்று சொல்லிக்கொண்டு வருவார். பின்னாலேயே பெண்கள் கூட்டம் வரும். ஒரு மாதத்தில் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ரோமாபுரி தெரிந்துவிட்டது. பதினேழாம் நிரையில் நீரூற்றுக்குப் பட்டை உரிகிறது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே புகார் சொன்னார்.

ஒன்று மட்டும் பாக்கி. லீவு.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை கொட்டும். பால் குறைவு, வேலையும் குறைவு. அதனால் கொடுக்கலாம்தான். ஆனால் அத்தனை நாளும் பெரட்டு எடுப்பது யார்? துரை சுற்றிலும் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அதைவிட ஆளே இல்லாதது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால், ஒன்பது வருஷத்தில் நான் பெரட்டுக்கு நேரத்தில் வந்த நாட்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம், அதிலும் சுண்டுவிரல் மிச்சம். கடைசியில் துரை தன் தோட்டத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"ஏழு நாள் சின்னக் கிராணி ஒத்தையா பெரட்டு எடு. தப்பு இல்லே, லீவு இருக்கு. தப்பு இருக்கு, லீவு இல்லே."

இருபத்தைந்து வருஷத்து வாக்கும், நாலு பசுவும், ஒரு தேங்காய் ஐஸும் வந்து என் தலையில் உட்கார்ந்தன.

ரோமாபுரியார் எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. அக்காதான் தினமும் விடியுமுன் உலக்கையால் என் வீட்டுச் சுவரை இடித்தார். முதல் நாள் சரி. இரண்டாம் நாள் சரி. ஆறு நாள் ஒரு பிசகும் இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையில்தான் ஆறாம் நாள் சாயங்காலம் ரோமாபுரியாரிடம் போய், உங்கள் ரோமாபுரிப் புத்தகத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். செக்ரோல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே நீல அட்டை.

ஏழாம் நாள் சுவர் இடிபட்டது. இருட்டில் கையில் அகப்பட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். களத்தில் அரிக்கேன் விளக்கு. வரிசையாக ஆட்கள். விளக்குக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, துரை. ஆறு நாளும் எட்டிப்பார்க்காத மனிதர் அன்றைக்கு வந்து நின்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டேன். பாதி வரிதான் கண்ணில் பட்டது, இராயப்பர் என்று வந்தது. இராயப்பன் என்றொரு ஆள் எங்களிடம் உண்டு, இருக்கேன் என்றான். என்றுமில்லாமல் அவனுக்கு மரியாதை போட்டு எழுதியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கண் ஒரு வரி தாண்டிப் போக, வாய் தன்பாட்டில் கூப்பிட்டுவிட்டது.

"கொலோசியம்."

புத்தகத்தை விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன், ரோமாபுரிப் புத்தகம். துரையின் தலை மெல்லத் திரும்பியது. ஓரமாக, கோட்டுப் போட்ட ரோமாபுரியார் நின்றார். அவர் பக்கத்தில் அக்கா, உலக்கையோடு.

முன் வரிசையில் முனியம்மா இருந்தாள். ஐம்பது வயது, மாரியம்மன் பக்தை. ரோமாபுரிக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கேங்க" என்றாள்.

துரை கிட்டே வந்தார். "நீ பேர் என்ன?"

"கொலோசியம், தொரை."

அவ்வளவுதான், வரிசைக்குப் புரிந்துவிட்டது. நீரூற்று என்றேன், இருக்கேன் என்று ஒருவன் மார்பை நிமிர்த்தினான். வெற்றி வளைவு என்றேன். இருக்கேன் என்று கூனிக் கருப்பாயி கையைத் தூக்கினாள். பாதாளக் கல்லறை என்றபோது மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. விடிகாலையில் யாருக்குத்தான் மனசு வரும்? துரை காத்திருந்தார். மண்டோர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அதுக்குக் காய்ச்சல், தொரை. ஆஸ்பத்திரில படுத்திருக்கு."

பட்டியல் முடிந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு ரோமாபுரியில் இடமில்லை. அவர்களைப் பெயர் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டி அனுப்பினேன். துரை என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். தூக்குமேடைக்குப் போகிறவன் கூட என்னைவிட நல்ல நடை நடந்திருப்பான்.

உள்ளே போனதும் ரோமாபுரியார் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னுதுங்க. அந்தப் புஸ்தகத்தை நான்தான் அங்க வச்சுட்டேன். சின்னக் கிராணி மேல ஒண்ணும் இல்ல."

பச்சைப் பொய். பயணம் கெட்டாலும் என் வேலை போகக் கூடாது என்று சொன்ன பொய். அக்கா உலக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான்தான் வாங்கிப் போனேன், நான்தான் மாற்றி எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

துரை பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, இன்றைக்கு வேலைக்கு வராதவர்கள் யார் என்று கேட்டார். இரண்டு பேர் என்று பெயரைச் சொன்னேன். நீரூற்று யார் என்றார். சொன்னேன். வெற்றி வளைவு? சொன்னேன். தலையாட்டி அனுப்பியவர்களையும் கேட்டார், வரிசையாகச் சொன்னேன். ஒன்பது வருஷம் தாமதமாக வந்து, அவர்கள் முகத்தில் முழித்து, அவர்களிடம் கேலி வாங்கி வாங்கியே எல்லாரும் எனக்கு மனப்பாடம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. துரை மண்டோரை அனுப்பிச் சரிபார்த்தார். ஒரு ஆள் பிசகவில்லை.

"பேர் எல்லாம் தப்பு. ஆள் எல்லாம் சரி," என்றார் துரை. அப்புறம் பேனாவை எடுத்து லீவு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் மீசை ஆடியது. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது.

ரோமாபுரியார் ஆபீஸ் வாசலிலேயே நின்று புத்தகத்தைத் திறந்தார். கொலோசியத்துக்குக் கீழே என் பெயரை எழுதி, எதிரே அரைப்பேர் போட்டார்.

"நீரும் பாதி இடிஞ்ச ஆளுதான்யா," என்றார்.

சிங்கப்பூர் ரயிலுக்குத் தோட்டமே போய் நின்றது. அக்கா சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். ரோமாபுரி வந்ததும் போட்டுக்கொள்வாராம். முனியம்மா, தன் பெயரில் இருக்கிற இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர்கள் போன பின் சுவரை இடிக்க ஆளில்லை. ஆனாலும் நான் ஒருநாள் கூடத் தாமதிக்கவில்லை. பயத்தில் தூக்கமே வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஏப்ரலில், அவர்கள் திரும்பி வருவதற்குச் சில நாள் முன்னதாகவே ஒரு தபால் அட்டை வந்து சேர்ந்தது. முன்பக்கம் கொலோசியம். பின்பக்கம் ரோமாபுரியாரின் செக்ரோல் எழுத்து. வெள்ளி விழா அன்று காலை அந்த வட்டத்துக்குள் நின்று பெரட்டு எடுத்தாராம். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். ஒவ்வொரு பெயருக்கும் அன்னம்மா சப்பாத்துக் காலோடு நின்று, இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். யாரும் விடுபடவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, இடம் போதாமல், பொடி எழுத்தில் இரண்டு வரி.

'படத்தைப் பார்த்து அரைப்பேர் போட்டது என் தப்பு. நேரில் வந்து பார்த்ததும் இதற்கு முழுப்பேர் போட்டுவிட்டேன். உமக்கும்தான்.'