மூணாவது பார்ட்டி

கார் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குக் கார் நன்றாக ஓட்ட வரும் என்று ஊர் நம்புகிறது. ஒரகடத்தில் நாள் முழுக்கக் காருக்குக் கதவு மாட்டுகிறவன் நான். மாட்டுவது வேறு, ஓட்டுவது வேறு என்று மணிமங்கலத்தில் ஒரு மதில்சுவர்தான் எனக்குப் புரியவைத்தது.

அங்கே எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பஸ்ஸில் போனால் மதிப்பிருக்காதென்று, அக்கா புருஷன் சேகர் மாமாவிடம் கெஞ்சி, அவர் காரை நானே ஓட்டினேன். (லைசென்ஸ் இருந்தது, வாங்கியதோடு சரி.) பெண் வீட்டார் மொத்தமும் வாசலில் நிற்க, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். புதிதாகப் பெயிண்ட் அடித்த மதில் அப்படியே உள்பக்கம் சாய்ந்தது. காரின் முகம் அப்பளமாக நொறுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பெண்ணைத்தான் பார்க்க முடியவில்லை, ஒரே புழுதி.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் தேற்றினேன்.

"இன்னாத்துக்கு மாமா கவலப்படுறீங்க? தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க மொத பார்ட்டி, அக்கா ரெண்டாவது, நான் மூணாவது!"

பாவம், மாமா நம்பினார். மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் பாலிசி போட்டுத் தந்த ஏஜென்ட் அம்மாவிடம் போனோம். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் மேடம் மூணாவது பார்ட்டி" என்றேன்.

அவர் பாலிசித் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், வண்டிக்காரரு மொத பார்ட்டி. இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டாவது. உங்களால யாருக்கு நஷ்டமோ, அவங்கதான் மூணாவது. செவுத்துக்காரரு கேட்டா அவருக்குக் கெடைக்கும். இந்தப் பாலிசியில உங்க காருக்கு ஒண்ணும் வராது."

"அப்போ இடிச்ச எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு சார்?"



திரும்பும்போது மாமாதான் எனக்கும் சேர்த்து பஸ் டிக்கெட் எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெண் வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். சுவரை முன்னைவிட உயரமாக எழுப்பிக்கொண்டார்கள். கார் மாமா வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அந்தத் தெருப்பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. தீபாவளியன்றுகூட ஓவர்டைம் பார்த்து, அந்தக் காசில்தான் காரை மறுபடி ஓடவைத்தேன்.

பிறகு குன்றத்தூரில் எனக்குப் பெண் கிடைத்தது. கல்யாண மண்டபத்தில் மாமா என் மாமனாரைத் தனியாக அழைத்துப்போய், "உங்க வூட்டுக்கு மதில் கீதா?" என்று விசாரித்தார்.

இப்போதும் நாங்கள் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினால், என் மனைவி முதலில் அப்பாவுக்குப் போன் செய்கிறாள்.

"அப்பா, இவரும் வர்றாரு. செவுத்துகிட்ட யாரும் நிக்காதீங்க."