பனிவிளக்கு அனுப்பிய மைத்துனனுக்கு

இராஜபாளையம்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் சின்னத்துரைக்கு,

அத்தான் எபனேசர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் இன்பமும் எங்கள் மகள் ரெனிட்டாவும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம். காருக்குத்தான் சுகமில்லை. அங்கே குன்னூரில் நீயும் உன் மனைவி ஞானசெல்வியும் நல்ல சுகத்தோடும், அதைவிட நல்ல குளிரோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "அத்தான், அத்தான்" என்று குறுக்கே விழுந்து என் கோபத்தை ஆற்றிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

ரெனிட்டாவுக்கு மாப்பிள்ளை பேசப் போகிறோம், செண்பகத்தோப்பில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருக்கும் பரிபூரணம் அண்ணாச்சியின் மகன், நம் சபைதான், பேச்சு எடுக்கும்போது தாய்மாமன் நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உன் அக்காள் உனக்கு எத்தனை தடவை சொன்னாள்? நீ என்ன செய்தாய்? "லீவு கெடைக்கல அத்தான், மன்னிச்சுக்கோங்க" என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினாய். அதற்குப் பின்னாலேயே ஒரு பார்சல். பார்சலைக் கண்டதும் உன் அக்காளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியளா, எந்தம்பி வர முடியாட்டாலும் மருமவளுக்குப் பட்டு எடுத்து அனுப்பிட்டான்" என்று பக்கத்து வீட்டு முனீஸ்வரியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் பட்டு கிழிந்துவிடுமென்று நகத்தாலேயே பிரித்தாள். உள்ளே இருந்து மஞ்சளாக இரண்டு கண்கள் எங்களை முறைத்தன. முனீஸ்வரி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா?" என்றாள். ரெனிட்டாதான் அட்டையைப் படித்து, "பனியில காரு ஓட்டுறதுக்கு" என்றாள். அண்டா வெந்நீர் தானாகக் காயும் இந்த ஊரில், வேப்பமர நிழல் தேடிக் காரை நிறுத்தும் எனக்கு, பனிவிளக்கு! முனீஸ்வரி சிரிக்காமல் வீட்டுக்குப் போனாள். சிரித்துவிட்டுப் போயிருந்தால் உன் அக்காளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் பெட்டியை அப்படியே பரணில் போட்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமை காலையில் இன்பம் அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "அவன்தான் வரல. அவன் குடுத்த லைட்டாவது நம்மகூட வரட்டும். மாட்டிக் குடுங்க" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கார் எலக்ட்ரீசியன் மாரிக்கனியிடம் போனேன். அவன் கடை வாசலில் இரண்டு டிராக்டர் வயிற்றைத் திறந்து கிடந்தன. "திங்கக்கெழம வாங்க சார்" என்றான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பேச்சு, ஆராதனைக்கு முன்னால் முடித்துப் போதகர் ஐயாவிடம் சொல்லிவிட வேண்டும், திங்கட்கிழமை எனக்கு எதற்கு? மில் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மில்லில் ஓடிய அத்தனை ரிலேயும் ஃப்யூஸும் என் கையால் எடுத்துக் கொடுத்தவைதான். கொடுக்கத் தெரிந்தவனுக்கு மாட்டத் தெரியாதா என்று வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்துவிட்டேன்.

நீ அனுப்பிய பெட்டியில் விளக்கு இரண்டு, சுவிட்ச் ஒன்று, ரிலே ஒன்று, அதைச் சுற்றிக் குடல் மாதிரி வயர். விளக்கக் காகிதம் சீன மொழியில். செல்போனில் ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான், அது இந்தியில். இரண்டையும் சேர்த்து வைத்து நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சிவப்பு வயரைப் பேட்டரிக்குக் கொடுத்தேன். நடுவில் இருந்த ஃப்யூஸ் இரண்டு தடவை போனதும், இது மட்டமான ஃப்யூஸ் என்று எடுத்தெறிந்துவிட்டு வயரை வயரோடு முறுக்கிவிட்டேன். கடைசியில் சுவிட்சிலிருந்து வந்த ஒரு வயர் மிச்சமாகத் தொங்கியது. காருக்குள்ளும் ஒரு வயர் சும்மா போவதுபோல் தெரிந்தது. மிச்சத்தையும் சும்மாவையும் சேர்த்து டேப் சுற்றினேன். ரெனிட்டா வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, அது ஹாரன் வயரு மாதிரி இருக்குப்பா. மாரிக்கனி அண்ணன் வரட்டுமே" என்றாள். "எலே, யாருக்கு யாரு சொல்லிக் குடுக்கறது" என்று பொம்பளைப் பிள்ளையை எலே போட்டு விரட்டினேன். ஹாரனை அமுக்கினேன். விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ஒரே அமுக்கில் சத்தமும் வெளிச்சமும்! கம்பெனிக்காரனுக்கே தோன்றாத யோசனை என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சாப்பிட்டேன். விளக்கைப் போட்டால் ஹாரன் என்ன செய்யும் என்று மட்டும் நான் பார்க்கவில்லை. நீ அனுப்பாமல் இருந்திருந்தால் பார்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்பதை மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலைப்பக்கம் திரும்பினோமோ இல்லையோ, என் ஆயுசில் பார்க்காத பனி. மலையைக் காணோம், ரோட்டைக் காணோம், காரின் மூக்கைக் காணோம். இன்பம் பின்னாலிருந்து பெருமையாக, "ஏங்க, எந்தம்பி குடுத்த லைட்டைப் போடுங்களேன். அவனுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். போட்டேன். விளக்கு எரிந்தது. ஹாரனும் சேர்ந்து அலற ஆரம்பித்தது. பதறிப்போய் அணைக்கப் பார்த்தால் சுவிட்ச் சூட்டில் இளகி, அமுங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ரோட்டோரத்தில் போன ஆட்டுக்கிடை அப்படியே சிதறிக் கடலைக்காட்டுக்குள் இறங்கியது. ஆடு மேய்த்த பெண் கம்பை ஓங்கிக்கொண்டு பனிக்குள் எங்களோடு கூடவே ஓடி வந்து, ஹாரனையும் மீறிக் கேட்கிறமாதிரி என் பெற்றோரைப் பற்றிப் பேசினாள். அவர்கள் இருவரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள் என்று அவளிடம் நின்று சொல்லவா முடியும்?

வனத்துறைச் செக்போஸ்டில் குறுக்குக் கம்பு இறங்கியிருந்தது. காவலர் ஒருவர் மப்ளரோடு வெளியே வந்து விளக்கின் முன்னால் குனிந்து பார்த்தார். "சார், எங்க போறிய? மொயலுக்கு வாரவன்தான் இப்பிடித் தாழ்வா லைட்டு கட்டிட்டு வருவான்" என்று கத்தினார். கத்தினால்தான் கேட்கும். "ஏய்யா, ஹாரன் அடிச்சுக்கிட்டு எவனாவது வேட்டைக்கு வருவானா?" என்று நானும் கத்தினேன். அவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். மொதல்ல அத நிறுத்துங்க, காட்டுக்குள்ள அம்புட்டும் மெரளும்" என்றார். நிறுத்தத் தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? அதற்குள் பானெட்டிலிருந்து புகை கிளம்பிவிட்டது. இன்பம் "இயேசுவே" என்றாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையால் பானெட்டின் மேலே விசிறிக்கொண்டிருந்தேன். ரெனிட்டாதான் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, காவலரிடம் குறடு வாங்கிப் பேட்டரி முனையைப் பிடுங்கிப் போட்டாள். ஹாரன் நின்றது. அந்த அமைதியில் பனிக்குள்ளிருந்து, "என்ன எபனேசர் அண்ணாச்சி, அடையாளம் தெரியட்டும்னு ஹாரன் அடிச்சியளா?" என்று ஒரு குரல். பரிபூரணம் அண்ணாச்சி. சத்தம் அவர் தோப்பு வரைக்கும் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சம்பந்தம் பேசப் போன நாங்கள் அவர் டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். ரெனிட்டாவின் கையெல்லாம் கரி, முந்தானையெல்லாம் கிரீஸ். மாப்பிள்ளைப் பையன் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, "இத தேச்சுட்டு சோப்பு போடுங்க, போயிரும்" என்று கொடுத்தான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆட்டையும் புகையையும் கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று நினைத்துக் காப்பியை வாயில் வைத்தேன். பரிபூரணம் அண்ணாச்சி சுற்றிலும் பார்த்துவிட்டு, "தாய்மாமன் எங்க?" என்றார்.

சின்னத்துரை, அந்தக் கேள்விக்கு உன் அக்காள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "அவனுக்கு லீவு கெடைக்கல அண்ணாச்சி. வரணும்னு ரொம்ப ஆசப்பட்டான்" என்று உனக்காகப் பொய் சொன்னாள். நீ ஆசைப்பட்டதாக என்னிடம்கூடச் சொல்லவில்லையே! அண்ணாச்சி கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்: "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எங்க வீட்டுல தாய்மாமன் ஒக்காராம வெத்தல பாக்கு மாத்துனதில்ல. அவர் வரட்டும். பொறவு பேசுவோம்." அவ்வளவுதான். இட்லி நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். அண்ணாச்சியின் டிராக்டரே காரை வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது; வழியெல்லாம் உன் அக்காள் தலை குனிந்தே வந்தாள். ரெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹாரன் அலறியதில், என் கார் கருகியதில் எனக்கு வருத்தமில்லை. கூடப் பிறந்தவளுக்கு உன்னிடம் வேண்டியிருந்தது உன்னைத்தான். பக்கத்தில் வந்து ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கொடுக்க மனசில்லாதவன் கூரியரில் வெளிச்சம் அனுப்பி என்ன பிரயோஜனம்? விளக்குகளைக் கழற்றிப் பழைய பெட்டியிலேயே போட்டுவிட்டேன். அடுத்த பார்சலில் உனக்கே வரும். நீ இனிமேல் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். வேறு நாள் வைக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

குன்னூரின் குளிர் உன் வீட்டைக் காக்கவும், தேயிலைத் தொழிற்சாலை உனக்கு ஒருநாளும் லீவு கொடுக்காமல் மேன்மேலும் உன்னை உயர்த்தவும் ஜெபிக்கிறேன். ஞானசெல்விக்கு மட்டும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தானாகப்பட்ட பாவத்துக்கு ஆளான
எபனேசர்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஞானசெல்வியிடமிருந்து உன் அக்காளுக்குப் போன் வந்தது. பனியில் உன் ஜீப் பள்ளத்தில் இறங்கியதும், உன் கால் எலும்பு இரண்டு இடத்தில் போனதும், நல்ல காரியத்தின்போது இந்தச் சேதி எங்கள் காதில் விழக்கூடாதென்று அவள் வாயை நீ கட்டிப்போட்டதும், அக்காள் போகிற வழியிலும் பனி இருந்தால் என்ன செய்வாளோ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அந்த விளக்கை வாங்கி அனுப்பச் சொன்னதும் எல்லாம் சொல்லி அழுதுவிட்டாள். உன் அக்காள் இங்கே அழுது முடித்துவிட்டுப் பரிபூரணம் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் கேட்டுவிட்டு, "தாய்மாமன் எந்திரிக்க முடியாட்டா என்ன, நாம போவோம்" என்று வேன் பேசிவிட்டார். வருகிற சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் குன்னூருக்கு வருகிறோம். வெற்றிலை பாக்கு உன் கட்டில் பக்கத்தில்தான் மாற்றப்போகிறோம். பட்டுச்சேலைக்கு மட்டும் நீ இன்னும் கடன்தான் என்று உன் மருமகள் சொல்லச் சொன்னாள். மேலே எழுதியதைக் கிழிக்கச் சொல்லி உன் அக்காள் என்னோடு சண்டை போடுகிறாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. மல்லாந்து படுத்தே கிடக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டாமா? கால் அசையக்கூடாதாமே, மெதுவாகச் சிரி.